காயலாங்கடை ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டப் போகிறவர்களுக்கு

ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினி போர்டை வைத்து ஸ்டெப்பர் மோட்டார், அதாவது ஸ்டெப் ஸ்டெப்பாக எண்ணி நகர்கிற மோட்டார், ஓட்டுவது எப்படி என்று தேடினால் வழிமுறைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லாமே புது மோட்டார் வாங்கியவர்களுக்காக எழுதியவை. அவர்களுக்குக் கம்பி கலர் தெரியும், எத்தனை ஆம்பியர் என்று தாளில் இருக்கும், மோட்டாருக்குக் கரெண்ட் கொடுக்கிற டிரைவர் போர்டையும் கடைக்காரரே கையில் கொடுத்துவிடுவார். எடைக்குப் போட்ட பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டாருக்கு இதில் எதுவும் கிடையாது. லேபிளில் ஒரு நம்பர் இருக்கும், அதைத் தேடினால் ஒன்றும் வராது, ஏனென்றால் அந்தப் பிரிண்டர் கம்பெனிக்காகவே தனியாகச் செய்து கொடுத்த மோட்டார் அது. இந்த வித்தியாசத்தை ஒருவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்குக் கிட்டத்தட்ட 2,000 ரூபாயும், ஒரு மழைக்காலம் முழுக்கத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் நைனாவுக்குத் தண்டையார்பேட்டையில் சின்ன வைண்டிங் கடை. ஃபேன், மிக்சி, தண்ணி மோட்டார் எல்லாம் வரும் என்றாலும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது டிரான்ஸ்பார்மர்தான். சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர்களின் பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்டெபிலைசர் இதற்கெல்லாம் காயில் சுற்றித் தருவார். கையால் சுற்றுகிற மெஷின். வலது கை கைப்பிடியைச் சுற்றும், இடது கை விரல்கள் எனாமல் கம்பியைப் பிடித்து ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்த சுற்று ஒட்டினாற்போல் உட்கார வழி விடும். அந்த இடது கை வேலைதான் கஷ்டம். கம்பி ஏறி விழுந்தால் அந்த லேயரே வீண், பிரித்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டும். போன வருஷம் அவருக்கு இடது தோளில் வலி வந்து கையைத் தூக்க முடியாமல் போனது. தானாகச் சுற்றும் மெஷின் விசாரித்தோம், எங்கள் கடையின் வருமானத்துக்கு அது எட்டாது. கம்பிக்கு வழி விடுகிற வேலையை மட்டும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் பார்த்துக்கொண்டால் போதும், சுற்றுவதை அவர் வலது கையாலேயே செய்துகொள்வார் என்று எனக்குத் தோன்றியது. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். மணலியில் ஷிப்ட் வேலை. ராத்திரிதான் நேரம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்கு எங்களுக்கு மெட்ரோ வசதிதான், புது மோட்டாரே வாங்கியிருக்கலாம். ஆனால் மோட்டார் மட்டும் இருந்து என்ன செய்ய? நேராக ஓடுகிற இரும்புக் கம்பி, பெல்ட், பல்சக்கரம், சென்சார் எல்லாம் தனித்தனியாக வாங்கினால் செலவு ஏறிக்கொண்டே போகும். பில் அடிக்கிற பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றைப் பிரித்தால் அத்தனையும் உள்ளேயே இருக்கும். ஹெட்டை இடமும் வலமும் இழுக்க ஒரு ஸ்டெப்பர், பேப்பரை ஏற்ற இன்னொரு ஸ்டெப்பர், பளபளவென்று தேய்த்த ராடு, ஹெட் ஓரத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சின்ன யூ வடிவ சென்சார். அதனால் வியாசர்பாடி பக்கம் ஒரு காயலாங்கடைக்குப் போனேன்.

அங்கே முதல் பாடம். பிரிண்டர் என்றால் உள்ளே ஸ்டெப்பர்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சமீபத்திய இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றில் சாதாரண டிசி மோட்டாரும், ஹெட்டுக்குப் பின்னால் நுணுக்கமாகக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டையும்தான் இருக்கும். அந்தக் கோடுகளை எண்ணித்தான் அது தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. மோட்டாரில் இரண்டே கம்பி வந்தால் அது டிசி. கடைக்காரர் "ரெண்டும் பிரிண்டர்தாம்மா, எடுத்துனு போ" என்று கொடுத்த இங்க்ஜெட்களில் எனக்கு 400 ரூபாய் போனது. ஹார்ட் டிஸ்க்கைச் சுற்றுகிற மோட்டாரும், சிடி டிரைவில் தட்டைச் சுற்றுகிற மோட்டாரும் ஸ்டெப்பர் அல்ல, மூன்று ஃபேஸ் பிரஷ்லெஸ். சிடி டிரைவில் லென்ஸை நகர்த்தச் சில மாடல்களில் குட்டி ஸ்டெப்பர் இருக்கும், பொம்மை செய்யலாம், வேலைக்கு ஆகாது. ஸ்கேனரில் நல்ல சின்ன ஸ்டெப்பர் கிடைக்கும். பெரிய இழுவை வேண்டும் என்றால் ஜெராக்ஸ் மெஷின். பொதுவாக நம்பி வாங்கக்கூடியது டாட் மேட்ரிக்ஸ்.

எங்கள் பகுதிக்கென்று இன்னொன்று இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனை கடைகளில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் ஊறிய மெஷின்கள் இன்னும் காயலாங்கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வெளியே துடைத்து வைத்திருப்பார்கள், தெரியாது. மோட்டார் ஷாஃப்டைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நல்ல ஸ்டெப்பர் சின்னச் சின்னதாக டக், டக் என்று ஒரே சீராகத் தடுத்துத் தடுத்து நகரும். அந்தத் தடுப்பு காந்தத்தால் வருவது, அது இருக்கத்தான் வேண்டும். அதற்கு நடுவில் மணல் அரைக்கிற மாதிரி உரசல் தெரிந்தால் பேரிங் துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உரசுகிற மோட்டாரைப் பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். இந்தச் சதுர மோட்டார்களில் நடுவில் இருக்கும் ரோட்டரை வெளியே உருவினாலே அதன் காந்தம் கொஞ்சம் வலுவிழந்துவிடும். திரும்பப் போட்டாலும் பழைய இழுவை வராது. நைனா கையால் எத்தனையோ மோட்டாரைப் பிரித்துப் பூட்டியவர், அவர்கூட இதை நம்பவில்லை. ஒன்றைப் பிரித்து மாட்டிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

அடுத்த நஷ்டம் பெரியது. அதே வட்டாரத்தில் இன்னொரு கடையில், ஏதோ பெரிய மெஷினிலிருந்து வந்த கனமான மோட்டார் ஒன்று. கறுப்பு உடம்பு, தேய்ந்துபோகாத லேபிள், ஷாஃப்ட் வெண்ணெய் மாதிரி சுற்றியது. ஐந்து கம்பி. ஐந்து கம்பி என்றால் யுஎல்என்2003 என்கிற டிரைவர் சிப்பிலேயே ஓடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்ததால் 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்தும் அது உதறியதே தவிரச் சுற்றவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் எந்த இரண்டு கம்பியைத் தொட்டாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி காட்டியது. எல்லாக் காயிலும் வந்து சேருகிற பொதுக் கம்பி என்று எதையும் பிரிக்க முடியவில்லை. லேபிளில் 0.72 டிகிரி என்று இருந்தது. அந்த எண்தான் விஷயம். சாதாரண ஸ்டெப்பர் ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி திரும்பும், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 200 ஸ்டெப். பிரிண்டரில் வரும் தகர டப்பா மாதிரி வட்ட மோட்டார்கள் 7.5 டிகிரி, 48 ஸ்டெப், சில 3.75 டிகிரி, 96 ஸ்டெப். 0.72 டிகிரி என்றால் 500 ஸ்டெப், அது ஐந்து ஃபேஸ் மோட்டார், அதாவது உள்ளே காயில் இரண்டு கூட்டத்துக்குப் பதில் ஐந்து கூட்டம். நாம் ரிச்சி தெருவில் வாங்குகிற எந்தச் சின்ன டிரைவரும் அதை ஓட்டாது, அதற்கென்று தனி டிரைவர் வேண்டும், அதன் விலைக்கு நான்கு புது மோட்டார் வாங்கிவிடலாம். லேபிளில் 0.72 பார்த்தால் மோட்டார் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். "எட போட்டு வாங்குறேன், எட போட்டு விக்கிறேன், உள்ள இன்னா கீதுன்னு எனக்கு இன்னாமா தெரியும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அது நைனா தோள் வலிக்கு எண்ணெய் வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த காசு. வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மீட்டர் இல்லாமல் நான் காயலாங்கடைக்குப் போவதில்லை. கடையிலேயே நின்றபடி கம்பியைக் கண்டுபிடிக்கும் முறை நைனா சொல்லித் தந்ததுதான். "கலர பாக்காத பாப்பா, ஓம்ஸ் பாரு" என்றார். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கலர் போடுவதால் கலர் எதையும் சொல்லாது. மீட்டரை 200 ஓம் அளவில் வையுங்கள். முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு மீட்டர் வயரின் சொந்த ஓம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள், 0.3, 0.4 என்று காட்டும். பிறகு வரும் அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். காயில் இரண்டு ஓம்தான் என்றால் இந்த 0.4 பெரிய வித்தியாசம்.

நான்கு கம்பி இருந்தால் சுலபம். எந்த இரண்டுக்கு நடுவில் ஓம் காட்டுகிறதோ அவை ஒரு ஜோடி, மீதி இரண்டும் இன்னொரு ஜோடி. மீட்டர் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம்: இரண்டு கம்பியின் முனையை முறுக்கி இணைத்துவிட்டு ஷாஃப்டைத் திருப்புங்கள். ஒரே காயிலாக இருந்தால் ஷாஃப்ட் சட்டென்று கனமாகிவிடும். நம் விரல் திருப்புவதே மின்சாரம் உண்டாக்கி நம் விரலையே எதிர்க்கிறது. இணைத்த கம்பியை விட்டால் உடனே இலகுவாகிவிடும். முதல்முறை இதைச் செய்து பார்த்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். ஆறு கம்பி இருந்தால் மூன்று மூன்றாக இரண்டு கூட்டம் பிரியும். ஒரு கூட்டத்தில் மூன்று கம்பியையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எனக்குக் கிடைத்த டாட் மேட்ரிக்ஸ் மோட்டாரில் இரண்டு இடத்தில் 4.5 ஓம், ஓர் இடத்தில் 9 ஓம். 9 காட்டுகிற இரண்டும் ஓரக் கம்பி, மீதி இருப்பது நடுக் கம்பி. ஐந்து கம்பியில் இரண்டு நடுக் கம்பியும் உள்ளேயே ஒன்றாக இணைந்திருக்கும். அந்தப் பொதுக் கம்பியிலிருந்து மற்ற நான்குக்கும் ஒரே அளவு, மற்றவற்றுக்குள் அதைப் போல இரண்டு மடங்கு. இந்த ஒன்றுக்கு இரண்டு கணக்கு வராத ஐந்து கம்பி மோட்டார்தான் நான் ஏமாந்த ரகம். எட்டுக் கம்பி வந்தால் நான்கு தனித்தனிக் காயில், அது நம் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எந்த முனை ஆரம்பம், எந்த முனை முடிவு என்று தப்பாகச் சேர்த்தால் இரண்டு காயிலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மோட்டார் அசையாது.

ஆறு கம்பி மோட்டாரை நான்கு கம்பி மாதிரியே ஓட்டலாம். நடுக் கம்பி இரண்டையும் தனித்தனியாக டேப் சுற்றி விட்டுவிட்டு ஓரக் கம்பிகளை மட்டும் எடுத்தால் மெதுவாகச் சுற்றும்போது இழுவை அதிகம். நடுக் கம்பியும் ஓர் ஓரமும் எடுத்தால் பாதிக் காயில்தான் வேலை செய்யும், ஆனால் வேகமாகச் சுற்ற அதுதான் நல்லது. எனக்கு வேகம் தேவையில்லை என்பதால் இப்போது முதல் வழி. ஆனால் ஆரம்பத்தில் இரண்டாவது வழியில்தான் மாட்டியிருந்தேன்.

இனி டிரைவர். என் பணமும் மன அமைதியும் அதிகம் போன இடம் இது. மோட்டாரை நேராக ஆர்டுயினோவின் பின்னில் மாட்டக் கூடாது என்பது தெரிந்த விஷயம். ஒரு பின் 20 மில்லி ஆம்பியர் தாங்கும், 40 அதன் கடைசி எல்லை. கடையில் "இது எல்லா மோட்டாருக்கும் ஓடும்" என்று எல்298என் போர்டு ஒன்றைக் கொடுத்தார்கள். பெரிய ஹீட் சிங்க் இருந்ததால் நம்பிக்கையாக இருந்தது. 12 வோல்ட் கொடுத்ததும் மோட்டார் சுற்றியது, நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியாத சூடு, பிறகு ஒரு வாசனை. வார்னிஷ் கருகுகிற வாசனையை என் நைனாவுக்குத் தூக்கத்திலும் தெரியும். எட்டிப் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு மோட்டாரை முகர்ந்து பார்த்து, "காயில் தப்பிச்சிது, போர்டுதான் போச்சு" என்றார்.

ஏன் போனது என்று பிறகு அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். அப்போது மாட்டியிருந்தது பாதிக் காயில், 12 வோல்ட்டை அதன் 4.5 ஓமால் வகுத்தால் 2.6 ஆம்பியருக்கு மேல் வருகிறது. எல்298என் உள்ளேயே இரண்டு வோல்ட் போலத் தின்றுவிடும் என்றாலும், மிச்சமும் அது தாங்கும் 2 ஆம்பியரை ஒட்டியே நிற்கும், சும்மா நிற்கும்போதும். அந்த போர்டு வெறும் ஸ்விட்ச், கரெண்டை அளந்து நிறுத்தும் வேலை அதற்குக் கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும் என்று விட்டுவிடும். ஆகவே மோட்டாரின் ஓமை வைத்துத்தான் டிரைவர் வாங்க வேண்டும். 30, 40 ஓம் காட்டுகிற மோட்டார் என்றால் எல்298என், யுஎல்என்2003 எல்லாம் தாராளமாக ஓட்டும். 10 ஓமுக்குக் கீழே வந்துவிட்டால் கரெண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிற ஏ4988 அல்லது டிஆர்வி8825 மாதிரி போர்டுதான். இவற்றில் நாம் ஓர் உச்சவரம்பு வைத்துவிடுவோம், அதற்கு மேல் போகவிடாது. அதனால்தான் லேபிளில் 3 வோல்ட் என்று போட்டிருக்கும் மோட்டாருக்கும் 12 வோல்ட், 24 வோல்ட் கொடுக்கிறார்கள். வோல்ட் அதிகம் இருந்தால் காயிலுக்குள் கரெண்ட் சீக்கிரம் ஏறும், வேகத்திலும் இழுவை குறையாது. லேபிள் வோல்ட்டைப் பார்த்து அதே அளவு சப்ளை தேடி அலையாதீர்கள்.

ஏ4988 வாங்கினேன். சின்னத் திருகு ஒன்று இருக்கும், அதைத் திருப்பி வரம்பு வைக்க வேண்டும். அந்தத் திருகின் தலைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் வருகிற வோல்ட்தான் விரெஃப், வரம்பைக் குறிக்கிற அளவு. எத்தனை ஆம்பியர் வேண்டுமோ அதை 8 ஆலும், போர்டில் கரெண்டை அளக்க இருக்கும் சென்ஸ் ரெசிஸ்டரின் ஓமாலும் பெருக்கினால் விரெஃப் எவ்வளவு என்று வரும். லேபிளில் ஆம்பியர் இல்லாத மோட்டாருக்கு நான் 0.5 ஆம்பியரில் ஆரம்பித்து, வேலைக்குப் போதுமானதாக ஆகும்வரை ஏற்றினேன், 0.7 இல் நின்றது. என் போர்டில் சிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கறுப்பு ரெசிஸ்டர்களில் ஆர்100 என்று பொடி எழுத்தில் இருந்தது, அதாவது 0.1 ஓம். 0.7 ஆம்பியருக்கு 0.56 வோல்ட் வைத்தேன். அருமையாக ஓடியது.

அந்த போர்டு பிறகு செத்துப்போய், அதே கடையில் அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்து அதே 0.56 வைத்தேன். மோட்டார் கொதித்தது. போர்டும் கொதித்தது. சாயங்காலம் ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்து, கம்பி, புரோகிராம், சப்ளை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து, என்ன தப்பு என்று புரியாமல் விடிந்துவிட்டது. கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, புது போர்டில் ஆர்050. பாதி ஓம் என்றால் அதே விரெஃபுக்கு இரண்டு மடங்கு கரெண்ட், 1.4 ஆம்பியர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு போர்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆர்068 போட்டதும் உண்டு. ஆகவே எங்கேயோ படித்த விரெஃப் எண்ணை அப்படியே வைக்காதீர்கள். ஒவ்வொரு போர்டு வாங்கும்போதும் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஹீட் சிங்க் ஒட்டாமல் ஏ4988இல் ஒரு ஆம்பியருக்கு மேல் போகவும் வேண்டாம்.

முதல் போர்டு ஏன் செத்தது என்பது தனிக் கதை. பிரிண்டரிலிருந்து மோட்டாரைக் கழற்றும்போது அதன் பழைய வெள்ளை பிளக்கையே வைத்துக்கொண்டேன், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அது வெள்ளத்தில் நின்ற பிரிண்டர். பிளக்கின் உள்ளே பித்தளை பச்சை பூத்திருந்தது, வெளியே தெரியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அதிர்வில் ஒரு கம்பி விட்டு விட்டுத் தொட்டிருக்கிறது. ஸ்டெப்பர் டிரைவர் ஓடும்போது மோட்டார் கம்பி கழன்றால், காயிலில் ஓடிக்கொண்டிருந்த கரெண்டுக்குப் போக இடமில்லாமல் வோல்ட் எகிறும். டிரைவர் அந்த நொடியே காலி. டப் என்று ஒரு சத்தம், போர்டில் கடுகளவு பள்ளம், அதோடு 12 வோல்ட் பின்பக்கமாக வந்து ஆர்டுயினோ நானோவையும் கொண்டுபோய்விட்டது. 400 ரூபாய் அந்த ஒரு சத்தத்தில் போயிற்று. கடல் காற்று அடிக்கிற ஊரில் இருக்கிறோம், வெள்ளம் படாத பிளக்கிலும் இது நடக்கும். பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பியைச் சுரண்டி ஈயம் வைத்துப் புது கனெக்டர் போடுங்கள். பவர் இருக்கும்போது மோட்டார் கம்பியைத் தொடவே தொடாதீர்கள். ஈயம் வைக்காமல் கம்பியைச் செருகுகிற பிரெட்போர்டில் மோட்டார் கரெண்டை விடாதீர்கள், அதன் உள்ளே இருக்கும் தகடும் இப்படித்தான் விட்டு விட்டுத் தொடும்.

இன்னும் சில விஷயங்கள், இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவு போயிருக்கிறது. மோட்டார் சப்ளை டிரைவருக்குள் நுழைகிற இடத்திலேயே, ஒட்டினாற்போல், 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போட வேண்டும், 50 வோல்ட் ரகம். சப்ளை வயர் நீளமாக இருந்தால் ஸ்விட்ச் போடும் நொடியில் 12 வோல்ட் சப்ளையிலும் எகிறல் வரும், ஏ4988 35 வோல்ட்தான் தாங்கும். ரீசெட் பின்னையும் ஸ்லீப் பின்னையும் ஒன்றாக இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது, கை கிட்டே கொண்டுபோனால் ஓடும். டிரைவர் கிரவுண்டும் ஆர்டுயினோ கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். பழைய பிரிண்டரின் சப்ளை போர்டையே பயன்படுத்தலாம் என்று ஆசை வரும். அதில் பெரிய கெபாசிட்டர் 320 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் பிடித்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். மெயின் லைனில் கை பழகாதவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம். நான் 12 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கினேன், நைனாவே வற்புறுத்தினார்.

ஓட ஆரம்பித்ததும் புரோகிராம் பக்கம் சிக்கல். மோட்டார் "ங்ங்" என்று உறுமும், சுற்றாது. எடுத்த எடுப்பிலேயே முழு வேகம் கேட்டால் ஸ்டெப்பரால் எழுந்து ஓட முடியாது, மெதுவாக ஆரம்பித்து ஏற்ற வேண்டும். ஆர்டுயினோவோடு வருகிற ஸ்டெப்பர் லைப்ரரி இதைச் செய்யாது, அக்செல்ஸ்டெப்பர் லைப்ரரி செய்யும். அதில் ரன் என்ற கட்டளையை லூப்பில் இடைவிடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் டிலே போட்டாலோ, எல்சிடியில் எழுதினாலோ அந்த நேரத்துக்கு மோட்டார் திக்கும், ஸ்டெப் விட்டுப்போகும். எல்சிடியில் சுற்று எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று நைனா கேட்டதால் இதில் மாட்டிக்கொண்டேன்; கடைசியில் ஒரு லேயர் முடிந்து நிற்கும்போது மட்டும் எழுதுவது என்று வைத்தோம். முழு ஸ்டெப்பில் சில வேகங்களில் மோட்டார் தானாக அதிர்ந்து மேஜையே நடுங்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். மைக்ரோஸ்டெப் எட்டில் ஒன்று, அதாவது ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரித்து நகர்த்துவது, என்று வைத்ததும் சத்தம் அடங்கியது.

கணக்கு இப்படி: மோட்டார் 8 மில்லிமீட்டர் மரை ராடு ஒன்றைச் சுற்றுகிறது, கம்பிக்கு வழி விடுகிற பிடி அதில் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் நகரும். மோட்டார் 200 ஸ்டெப், எட்டில் ஒன்று வைத்தால் 1,600. அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 1,280. நைனா டிரான்ஸ்பார்மரின் பிரைமரிக்கு, அதாவது கரெண்ட் உள்ளே வருகிற காயிலுக்கு, சுற்றுகிற 28 கேஜ் கம்பி எனாமல் சேர்த்து 0.42 மில்லிமீட்டர் போல வரும். கம்பி சுற்றப்படுகிற பாபின் ஒரு சுற்று சுற்றினால் மோட்டார் 538 ஸ்டெப் போக வேண்டும். பாபின் சுற்றை எண்ண பிரிண்டரின் அந்த யூ வடிவ சென்சாரையே வைத்தேன், கைப்பிடி அச்சில் ஒரு தகடு. முதலில் அது இல்லாத சுற்றையெல்லாம் எண்ணியது. சென்சார் வயர் மோட்டார் வயரோடு ஒன்றாகக் கட்டி வந்ததுதான் காரணம். மோட்டாரின் ஒவ்வொரு ஜோடியையும் முறுக்கி ஒரு பக்கமும், சென்சார் வயரை மறு பக்கமும் கொண்டுபோய், சென்சார் முனையில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போட்டதும் எண்ணிக்கை சரியானது. மோட்டாரைப் பிரிண்டரின் பிளாஸ்டிக் பிடியிலேயே வைத்திருந்தேன், சூட்டில் அது இளகி ராடு கோணிப்போனது. அலுமினிய எல் ஆங்கிளுக்கு மாற்றினோம். அலுமினியம் சூட்டையும் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. வேலை இல்லாதபோது எனேபிள் பின் வழியாக டிரைவரை அணைத்துவிடுகிறேன், ஏனென்றால் ஸ்டெப்பர் சும்மா நிற்கும்போதும் முழுக் கரெண்ட் இழுக்கும். ஆனால் லேயர் நடுவில் அணைக்கக் கூடாது, ராடு இடம் மாறிவிடலாம்.

இப்போது பிரைமரி முழுக்க இந்த மெஷினில்தான் சுற்றுகிறார். 28 கேஜ், 30 கேஜ் எல்லாம் கம்பி பக்கத்தில் கம்பி அழகாக உட்காருகிறது. கரெண்ட் வெளியே போகிற காயிலான செகண்டரிக்கு வரும் 20 கேஜ் கம்பி தடிமன், அதற்கு இழுத்துப் பிடிக்கிற விசை வேண்டும், அதை இன்னும் அவர் கையால்தான் செய்கிறார். அதற்கு என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.